ஓரக்கோடும் பின்தொடையும்

உதைபந்தாட்டத்தில் ஓரக்கோட்டருகே ஆடும் விங்கர் ஒருவர் ஒரு முழு ஆட்டத்தில் 10 முதல் 11 கிலோமீட்டர் வரை நகர்கிறார். அதில் பெரும்பகுதி நடை, மெல்லோட்டம், பந்துக்காகக் காத்து நிற்பது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அவர் பாய்ந்த தூரத்தை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தால், ஐரோப்பாவின் முதல்தர லீக்குகளில்கூட 250, 300 மீட்டர் அளவில்தான் வருகிறது. அந்த வேகம் வினாடிக்குச் சுமார் 7 மீட்டர். கணக்குப் போட்டால், தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அவர் உண்மையாகப் பறப்பது ஏறக்குறைய 40 வினாடிகள். அவருடைய ஒப்பந்தம், சம்பளம், பெயர் எல்லாம் அந்த 40 வினாடிகளில் தங்கியிருக்கின்றன. அவரை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பும் காயமும் பெரும்பாலும் அதே 40 வினாடிகளுக்குள்தான் வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கீரிமலை, சேந்தாங்குளம், இளவாலை, மாதகல் என்று நீளும் இந்தக் கரையோரத்தில் உதைபந்தாட்டம் இல்லாத மாலைப்பொழுது அருமை. இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் யங் ஹென்றீசியன்ஸ் கழகமும் இந்தப் பக்கத்துப் பெயர்கள். குடாநாட்டின் மற்றப் பக்கங்களில் நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழகமும் ஒரு சீருடையும் இருக்கின்றன. இந்த மைதானங்களில் கோட்டோரம் நிற்கும் பெரியவர்கள் “கோட்டோட போ தம்பி, கோட்டோட போ!” என்று கத்துவது விங்கரைப் பார்த்துத்தான். பதினேழு வயதில் எல்லோரையும் தாண்டி ஓடிய ஒரு பெடியனைப் பற்றி, அவனுக்கு இருபத்தைந்து ஆகும்போது அதே பெரியவர்கள் “அவனுக்கு இப்ப வேகம் போட்டுது” என்கிறார்கள். இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ஏனென்றால் இருபத்தைந்து வயது, மனித உடலில் வேகம் போகும் வயது அன்று. வேகம் உச்சத்தில் இருக்கும் வயது அது. அந்தப் பெடியனிடமிருந்து வேறொன்று போயிருக்கிறது.

முதலில் விங்கர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். ஓரக்கோட்டருகே பந்தை வாங்குகிறார். எதிரே ஒரு பின்கள வீரர். அவரைத் தாண்ட வேண்டும். வேகம் மட்டும் போதாது. கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்க மனிதருக்குக் குறைந்தது 0.2 வினாடி வேண்டும். எந்தப் பக்கம் போவது என்று தெரிவு செய்யவும் வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் அந்த 0.2 வினாடியில் 1.4 மீட்டர் கடந்துவிடுவார். ஒரு கால் நீளத்தைவிட அதிகம் அது. எட்டிப் பந்தைத் தட்ட முடியாது. இதற்கு மேல் பின்கள வீரரின் எடையைத் தவறான காலில் ஏற்றிவிட்டால், அந்த எடையை மறுகாலுக்கு மாற்றும் நேரமும் விங்கருக்குக் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூஸ் உள்ளே வருவதுபோல் சாய்ந்து, வலப்புறம் வெளியே போய்விடுவார். பிரேசிலின் கறிஞ்சாவும் பெரும்பாலும் வலப்புறமே போனார். எதிரணி முழுவதற்கும் இது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தாலும் எந்தக் கணத்தில் என்று தெரியாதவரை அந்த 0.2 வினாடி விங்கருடைய கையில்தான் இருக்கிறது. தேர்ந்த பின்கள வீரர்கள் பந்தையோ காலையோ பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறார்கள். இடுப்பு பொய் சொல்வது கடினம். அதனால்தான் நல்ல விங்கர் கடைசிக் காலடி வரை இடுப்பை நேராக வைத்திருந்து, பிறகு ஒரே அடியில் திருப்புகிறார்.

சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஓகஸ்ட் 12இல் இதைச் செய்து காட்டினார். கொல்கத்தாவில் டூரண்ட் கிண்ணப் போட்டி. அவருடைய ஈஸ்ட் பெங்கால் அணி, மோகன் பகானைச் சந்திக்கிறது. ஈஸ்ட் பெங்கால் அதற்கு முன் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அணியை வென்றதில்லை. 60ஆவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்து நந்தகுமாரிடம் வருகிறது. எதிரே இந்தியத் தேசிய அணி வீரர் அனிருத் தாப்பா. கோட்டோடு போவார் என்று எதிர்பார்க்கும் இடத்தில் உள்ளே வெட்டி, இடக்காலால் தூரக் கம்பத்துப் பக்கம் வளைத்து அடித்தார். ஆட்டம் 1–0. அதே தொடரின் அரையிறுதியில் தோல்வி உறுதி என்று தெரிந்த வேளையில், தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் சமநிலைக் கோலையும் அவர்தான் அடித்தார். அப்போது அவருக்கு வயது 27. சென்னையின் உள்ளூர் லீக், சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா என்று படிப்படியாக வந்தவர். ஒரு விங்கரின் உடலும் அனுபவமும் ஒன்றாகக் கனியும் வயது அது. இங்கே நாம் ‘வேகம் போட்டுது’ என்று ஒருவரை ஓரங்கட்டிய பிறகு இரண்டு வருடம் கழிந்து வரும் வயதும் அதுதான்.

இனிப் பின்தொடைக்கு வருவோம்.

தொடையின் பின்புறத்தில் இடுப்பெலும்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூன்று தசைகள் இறங்குகின்றன. நடக்கும்போது இவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. உச்ச வேகத்தில் ஓடும்போது ஒரு கணம் வருகிறது: பின்னாலிருந்த கால் முன்னே வீசப்பட்டு, முழங்கால் விரிந்து, பாதம் நிலத்தைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. கீழ்க்கால் முன்னோக்கிப் பறக்கிறது. அதை நிறுத்திப் பின்னே இழுக்க வேண்டியது பின்தொடைத் தசைதான். சரிவில் இறங்கும் வண்டியைக் கயிற்றால் பின்னிருந்து இழுத்துப் பிடித்தபடி, தானும் முன்னே இழுபட்டுக்கொண்டு போகிறவனைப் போன்றது அதன் நிலை. தசை நீண்டுகொண்டே போகிறது. நீளும்போதே முழுப் பலத்தையும் கொடுக்கிறது. சுருங்கும் தசை கிழிவது அரிது. நீண்டுகொண்டு பலம் கொடுக்கும் தசைதான் கிழிகிறது. மூன்றில் வெளிப்பக்கமாக ஓடும் தசையின் நீண்ட தலைப்பகுதிதான் அதிகம் அடிபடுவது. ஓடிக்கொண்டிருந்த பெடியன் யாரும் தொடாமலே தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நின்றால், நடந்தது பெரும்பாலும் இதுதான்.

வேகம் கூடக்கூட இந்தச் சுமை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, மிகவும் செங்குத்தாக ஏறுகிறது. உச்ச வேகத்தின் 80 சதவீதத்தில் ஓடும்போது இல்லாத ஆபத்து, கடைசி 20 சதவீதத்தில் குவிந்து கிடக்கிறது. ஓரத்தில் ஆடுபவர்களே மற்ற எவரையும்விட அதிகமாக அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குள் போகிறார்கள். அதிலும் ஆட்டம் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிவருகிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2006–07 பருவத்துக்கும் 2012–13 பருவத்துக்கும் இடையில் மட்டும் வீரர்கள் முழுப் பாய்ச்சலில் ஓடிய தூரம் சுமார் 35 சதவீதம் கூடியிருந்தது. ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் நீண்டகாலமாக நடத்தப்படும் யூஈஎஃப்ஏ காய ஆய்வு இதன் விலையைக் காட்டுகிறது. 2001–02இல் எல்லாக் காயங்களிலும் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயம், 2021–22இல் 24 சதவீதமாகி இருந்தது. இரட்டிப்பு. மருத்துவரும் உடற்பயிற்சி நிபுணரும் சொந்தமாக ஸ்கேன் வசதியும் வைத்திருக்கும் கழகங்களின் கதை இது.

அந்த ஆய்வில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது வேறொரு எண். பின்தொடைக் காயங்களில் 18 சதவீதம் பழைய காயமே திரும்ப வந்தது. அப்படித் திரும்ப வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரர் மைதானத்துக்குத் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் நடந்தவை. கிழிந்த இடத்தில் வளரும் தழும்புத் திசு, தசையைப் போல நீளாது. வலி போன பிறகும் தசை குறுகியும் பலம் குறைந்தும் இருக்கிறது. நடக்கலாம், மெல்ல ஓடலாம், பந்தை உதைக்கலாம். எல்லாம் சரியாகிவிட்டதுபோலவே தோன்றும், அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குள் போகும்வரை.

நமது சுற்றுப்போட்டிகளை இதனோடு பொருத்திப் பாருங்கள். அணிக்கு ஒன்பது பேர் பங்குபற்றும் விலகல் முறைப் போட்டி, அணிக்கு ஏழு பேர் பங்குபற்றும் மின்னொளிப் போட்டி என்று மாதக்கணக்கில் நடக்கின்றன. சனிக்கிழமை காலிறுதியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பெடியனுக்குத் தைலம் பூசி, இறுக்கக் கட்டுப் போட்டு, அடுத்த ஞாயிறு அரையிறுதியில் இறக்குகிறோம். ஊர்க் கழகத்தின் மானம் என்று அவனும் மறுக்கமாட்டான். மறுபடி கிழிகிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு அவன் உடம்பே கற்றுக்கொள்கிறது: முழு வேகத்துக்குப் போகாதே. அவன் தன்னையறியாமல் 90 சதவீதத்தில் நின்றுவிடுகிறான். கோட்டோரம் நிற்பவர்களுக்குத் தெரிவது அந்த நிறுத்தம்தான். வயது அவன் வேகத்தைத் தொடவில்லை. ஆறாத ஒரு தசை அதைப் பூட்டி வைத்திருக்கிறது. இரண்டு, மூன்று வாரம் பொறுத்திருந்தால் திறந்திருக்கக்கூடிய பூட்டு.

இந்தக் காயத்தைத் தடுக்க உலகம் கண்டுபிடித்த சிறந்த வழிக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ‘நோர்டிக்’ என்று அழைக்கப்படும் ஒரு பயிற்சி. இருவர் போதும். ஒருவர் மைதானத்தில் முழந்தாளிடுகிறார். முழங்காலுக்குக் கீழே மடித்த ஒரு துவாய். மற்றவர் பின்னால் குந்தியிருந்து அவருடைய இரு கணுக்கால்களையும் நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிறார். முழந்தாளிட்டவர் இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக, மெல்ல முன்னே சரிகிறார். விழுவதை இழுத்துப் பிடிப்பது பின்தொடை மட்டுமே. முதல் நாளில் பலரால் பாதிவரைகூடத் தாங்க முடியாது. திடீரென்று கை ஊன்றிவிடுவார்கள். பரவாயில்லை, விழும் வேகத்தைக் குறைக்கப் போராடும் அந்தச் சில வினாடிகள்தான் பயிற்சி. ஓட்டத்தின் ஆபத்தான கணத்தில் தசை எதைச் செய்கிறதோ, நீண்டுகொண்டே பலம் கொடுப்பதை, அதையே மெதுவாகச் செய்யப் பழகுகிறது. சில வாரங்களில் தசையிழைகள் உண்மையிலேயே நீளமாகின்றன. மறுநாள் தொடை வலிக்கும். ஆகையால் முதல் வாரம் நாலைந்து தடவையோடு நிறுத்த வேண்டும். போட்டிக்கு முதல்நாள் தொடங்கவே கூடாது. 8,000க்கு மேற்பட்ட வீரர்களை உள்ளடக்கிய ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சியைத் தம் திட்டத்தில் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் காரியங்கள் குறைவு.

இன்னொன்றும் சேர வேண்டும். முழு வேகத்தில் ஓடிப் பழகாத தசையை முழு வேகம் கிழிக்கும். பயிற்சியில் எல்லோரும் சிறு வட்டங்களில் பந்து தட்டிவிட்டு, போட்டியில் மட்டும் விங்கரை 40 மீட்டர் பாயச் சொன்னால் காயத்தை நாமே வரவழைக்கிறோம். கிழமையில் ஓரிரு நாள், உடல் சூடேறிய பிறகு, நல்ல இடைவெளி விட்டுச் சில முழுப் பாய்ச்சல்கள். தசைக்குள் இருக்கும் உடனடி எரிபொருள் சில வினாடிப் பாய்ச்சலிலேயே பெருமளவு தீர்ந்துவிடும். முழுதாக மீளச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே மூச்சு வாங்கும்போதே திரும்ப ஓடவிடுவது வேகப் பயிற்சி ஆகாது.

இனி நிலம். வலிகாமத்தின் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய படையாகப் படர்ந்திருக்கிறது. மாரி மழை போனபின், சோளகம் வீசும் மாதங்களில் மைதானம் கட்டாந்தரையாகிறது. கடின நிலம் காலைத் தாக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது பிடிப்பு. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் நடந்த ஆய்வுகளில், மழை குறைந்து, ஆவியாதல் கூடி, நிலம் காய்ந்து இறுகிய காலத்தில் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுவது அதிகமாக இருந்தது. காய்ந்த நிலத்தில் சப்பாத்தின் பிடி கூடுகிறது; உடல் திரும்பும்போது பாதம் திரும்புவதில்லை; முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகிறது. விங்கரின் தொழிலே முழு வேகத்தில் வந்து இரண்டு மூன்று அடியில் நின்று திரும்புவது. வேகமெடுப்பதைவிட வேகத்தை நிறுத்துவதுதான் உடலுக்குப் பாரம்.

குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையும் கீரிமலையைப் போலக் கடலைப் பார்த்த கிராமம். மீன்பிடித் தொழில், தேவாலயம், உதைபந்தாட்டம். அங்கிருந்து வந்த இடக்கால் விங்கர் மைக்கேல் சூசைராஜ், ஏடிகே அணியோடு 2020 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றார். அதே ஆண்டு நவம்பர் 20, புதிய பருவத்தின் முதல் ஆட்டம். தொடங்கிக் கால்மணி நேரத்துக்குள் முழங்காலில் காயம். பருவம் முழுவதும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 26. இப்படியொரு காயத்திலிருந்து மீள ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். தொழில்முறை வீரருக்கு அறுவைச் சிகிச்சையும் இயன்மருத்துவரும் சம்பளமும் இருக்கும். ஊர்க் கழகப் பெடியனுக்கு அந்த மூன்றும் வீட்டாரின் கடனிலிருந்துதான் வரவேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. முழங்கால் கட்டோடு அவன் உதைபந்தாட்டத்தை விட்டுவிடுகிறான்.

பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் காயம் இன்னும் கூர்மையான விடயம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பெயர் நாட்டிய அணி. கீரிமலையிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். ஒரே அளவு விளையாடும் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களுக்கு முன்சிலுவைத் தசைநார் அறும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இடுப்பின் அமைப்பு, முழங்கால் உள்நோக்கிச் சரிந்து தரையிறங்கும் பழக்கம், சிறுவயதில் குதித்து விளையாடக் கிடைக்காத வாய்ப்பு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. தரையிறங்கும்போது முழங்காலைப் பாதத்துக்கு நேரே வைக்கப் பழக்கும் எளிய பயிற்சிகள் இந்த ஆபத்தைப் பாதியளவுக்குக் குறைக்கின்றன. ஃபீஃபாவின் ‘11 பிளஸ்’ என்ற இருபது நிமிடச் சூடேற்றும் பயிற்சியில் இவையும் மேலே சொன்ன நோர்டிக்கும் சேர்ந்தே இருக்கின்றன. பாடசாலை மைதானங்கள் எல்லாவற்றிலும் இது தேவாரம் போல ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

போட்டி முடிந்து கீரிமலைக் கேணியில் இறங்கி நிற்பது இந்தப் பக்கத்துப் பெடியங்களின் வழக்கம். கடலலை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் அந்தக் கேணி உடல்நோவை எடுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. தொழில்முறைக் கழகங்கள் பயன்படுத்தும் குளிர்நீர்த் தொட்டியோடு சிலர் இதை ஒப்பிடுவார்கள். அந்தத் தொட்டிகளில் நீர் 10 முதல் 15 பாகை செல்சியஸ். நிலத்தடி நீரின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலையை ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் அது 27, 28 பாகை. ஆகவே குளிர் வைத்தியம் இங்கே நடப்பதில்லை. நடப்பது இன்னொன்று. நீருக்குள் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் கூடுகிறது. நெஞ்சளவு நீரில் நிற்பவரின் கணுக்காலில் விழும் அழுத்தம், இரத்த அழுத்தக் கருவி காட்டும் கீழ் எண்ணுக்கு ஏறத்தாழச் சமம். கால்களில் தேங்கிய நீரும் இரத்தமும் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன, வீக்கம் குறைகிறது, உடல் எடையும் கால்களிலிருந்து இறங்குகிறது. இதமாக இருப்பது கற்பனை அன்று. கடுங்குளிர் நீரை அடிக்கடி பயன்படுத்துவது பலப் பயிற்சியால் வளரவேண்டிய தசையைச் சற்றுத் தடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்வதால், நமது கேணிக்கு ஒரு நன்மைகூட உண்டு. ஆனால் கிழிந்த தசையை எந்த நீரும் ஒட்டவைக்காது. அதற்கு நாட்கள்தான் வேண்டும்.

நாட்களைக் கொடுத்தால் ஒரு விங்கர் எவ்வளவு தூரம் போகலாம்? வேகத் தசையிழைகள் முப்பதைத் தாண்டும்போது மெல்ல மெலியத் தொடங்கும். உண்மைதான். நெதர்லாந்தின் அர்ஜென் ரொப்பன் தசைக் காயங்களோடு வாழ்நாள் முழுவதும் போராடியும், உள்ளே வெட்டி இடக்காலால் அடிக்கும் அந்த ஒரே வித்தையை முப்பத்தைந்து வயதுவரை பயர்ன் மியூனிக்கில் ஆடினார். கிறிஸ்தியானோ ரொனால்டோ ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, ஓட்டத்தைக் குறைத்துக் கோலைக் கூட்டினார். ரயன் கிக்ஸ் இளமையில் பின்தொடையால் தொடர்ந்து அவதிப்பட்டவர். பயிற்சி முறையை மாற்றி, யோகாசனத்தைப் பழக்கமாக்கி, மன்செஸ்டர் யுனைடெட்டுக்காக 963 ஆட்டங்கள் ஆடி 2014இல் நாற்பது வயதில் ஓய்ந்தார். மத்தியூஸ் ஸ்டோக் சிட்டிக்காகக் கடைசி முதற்பிரிவு ஆட்டத்தை ஆடியது 1965 பெப்ரவரி 6. ஐந்து நாளைக்கு முன்தான் அவருக்கு ஐம்பது வயது பூர்த்தியாகியிருந்தது. மதுவும் புகையும் இல்லை; விடியற்காலைப் பயிற்சி அவருடைய வழக்கம்.

இவர்களோடு நம் பெடியங்களை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு மைதானங்களும் போயின. ஒரு முழுத் தலைமுறை அகதி முகாம் வளவுகளில் பந்து உதைத்து வளர்ந்தது. துரையப்பா விளையாட்டரங்கு புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது 2016இல்தான். வருடம் முழுவதும் சம்பளம் தரும் லீக் இன்றுவரை இலங்கையில் நிலைக்கவில்லை. அதனால் இருபத்துமூன்று வயதில் வெளிநாடு போகும் பெடியனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அவன் போகும்போது உறுதியான இரண்டு பின்தொடைகளோடு போகட்டும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஞாயிறு லீக்கில் முப்பத்தைந்து வயதிலும் அவன் கோட்டோடு ஓடலாம்.

நமது சுற்றுப்போட்டி ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேட்கக்கூடியவை மூன்று. ஒரு அணிக்கு இரண்டு ஆட்டங்களுக்கிடையே குறைந்தது மூன்று நாள். காலையில் மைதானத்துக்குத் தண்ணீர் அடித்தல். பவுசர் ஒன்று இருந்தால் போதும். பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய வீரரை, முழு வேகத்தில் மூன்று முறை வலியின்றி ஓடிக் காட்டும்வரை பெயர்ப்பட்டியலில் சேர்க்காதிருத்தல். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும். முதல் எதிர்ப்பு அந்தப் பெடியனிடமிருந்தே வரும்.